காற்றோடு ஒத்துப்போன கண்

எங்கள் வீட்டில் ஊதுபத்தி கொளுத்துகிற வழக்கம் கிடையாது. சபைக்குப் போகிற குடும்பம். கொசுவத்திச் சுருள் எரியும், கரண்ட் போனால் மெழுகுவர்த்தி எரியும், அதோடு சரி. பக்கத்து வீட்டில் சந்தியா நேரத்துக்குப் பத்தி கொளுத்தும்போது வாசனை எங்கள் முன்னறைவரை வரும். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லமாட்டாள், எழுந்து போய் ஜன்னலை மட்டும் சாத்துவாள். அதனால் ஒரு நாள் வெளியே போய் வந்து நுழைந்ததும் எங்கள் குளியலறையிலிருந்தே அந்த வாசனை வந்தபோது அம்மாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எங்கள் இரண்டு பேரைத் தவிர வீட்டில் இருந்தது அப்பா மட்டும்தான். அவரோ மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கட்டிலில் சாய்ந்திருந்தார்.

இரண்டாயிரத்தின் தொடக்க வருஷங்கள் அவை. தமிழும் மலையாளமும் கலந்து பேசுகிற நேமத்தில், நெடுஞ்சாலையிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் வீடு. அப்பா எடை அளவுத் துறையில் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசு நேராக நிற்கிறதா, எடைக்கல்லில் அந்த வருஷத்து முத்திரை இருக்கிறதா, பெட்ரோல் பம்ப் ஐந்து லிட்டர் காட்டினால் ஐந்து லிட்டர்தான் விழுகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. தட்டின் அடியில் ஒட்டிய புளி உருண்டை, வயிற்றைக் குடைந்து ஈயத்தை எடுத்த கல், மீன் கூடைக்குள் ஒளித்த காந்தம் எல்லாவற்றையும் பிடித்த மனுஷன். சோதனைக்குப் போன கடையில் ஒரு சாயா குடிக்கமாட்டார். ஓய்வு பெற்ற பிறகும் புத்தி அடங்கவில்லை. வீட்டுக்கு வரும் பால் பாக்கெட்டைக்கூட உள்ளங்கையில் தூக்கி ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் அம்மாவிடம் கொடுப்பார்.

எனக்கும் அதே ரத்தம். கழக்கூட்டத்தில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் பிரிவில் இருந்தேன். மற்றவர்கள் எழுதிய புரோகிராமில் தப்பு எங்கே பதுங்கியிருக்கிறது என்று தோண்டுவது என் வேலை. அதை முதலில் விளக்கியபோது அப்பா சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. "சந்தேகப்படதுக்கு சம்பளமா? கொள்ளாமே!"

அந்தச் சிரிப்பெல்லாம் நுரையீரல் நன்றாக இருந்த காலத்தில். பிறகு சிகரெட் தன் வேலையைக் காட்டியது. குளிக்கிற நேரம் சாப்பிடுகிற நேரம் போக, இரவும் பகலும் ஆக்சிஜன் ஏறவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். குழாயைக் கழற்றிக் கழற்றி வைத்தால் அடுத்தது இதயம்தான் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். தம்பானூரில் லாட்ஜுகளுக்குப் பின்னால் இருந்த ஒரு கடையிலிருந்து சிலிண்டர் வர ஆரம்பித்தது. கொண்டுவருகிறவர் பொன்முடி அடிவாரத்து வித்துராக்காரர், மலையாளி, நடுத்தர வயது, நெற்றியில் சந்தனக் குறி. சொந்த ஆட்டோவில் சிலிண்டரைப் படுக்கப்போட்டுக் கயிற்றால் கட்டிக்கொண்டு வருவார்.

முதல் சிலிண்டரை மாட்டிய அன்று அவர் மீட்டரைத் தட்டிக்காட்டினார்.

"சாரே, ஃபுல்லாணு. நோக்கிக்கோ."

அப்பா நோக்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இன்னொரு முறையும் நோக்கினார்.

"இந்த முள்ளுக்கு சீல் வச்சது யாரு?"

வித்துராக்காரர் என் பக்கம் திரும்பினார். அவரிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். கடைசியில், குழாய்க்கு நடுவில் இருந்த தண்ணீர்க் குப்பியைக் காட்டினார். ஆக்சிஜன் அந்தத் தண்ணீருக்குள் புகுந்து குமிழி குமிழியாக ஏறி, ஈரமாகி, பிறகுதான் மூக்குக்கு வரும்.

"கண்டோ சாரே? வருந்நுண்டு."

"காத்து வருதுன்னு தெரியுது. எந்தக் காத்துன்னு தெரியாண்டாமா?"

இதுதான் அப்பாவின் பிரச்சினை. கண்ணால் பார்க்காத சரக்கை அவர் வாழ்நாளில் பாஸ் பண்ணியதில்லை. இப்போது உயிரே அப்படி ஒரு சரக்கில் தொங்கியது. குழாயை மாட்டிக்கொள்வார், நாங்கள் நகர்ந்ததும் கழற்றித் தலையணையில் வைப்பார். கேட்டால், "இது வெறும் காத்தா இருந்தா, ஜன்னல் பக்கம் இருந்தா போராதா?" என்பார். எனக்குக் கோபம் தலைக்கேறும். ஆபீஸுக்குப் போன பிறகும் மனம் அந்தத் தலையணையிலேயே கிடக்கும். வீட்டுக்கு ஃபோன் பண்ணி, "அப்பா போட்டிருக்காங்களா?" என்று கேட்பேன். அம்மா ஆமாம் என்பாள். அம்மாவையும் நான் நம்பவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா சபைக்குப் போயிருந்தாள். அப்பா குமிழிகளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்.

"மக்ளே, நீ பிஸிக்ஸ் படிச்சவதானே? இந்தக் காத்து ஏன் கண்ணுல தெரியல?"

புரியவைத்தால் குழாயைக் கழற்றமாட்டார் என்ற நப்பாசையில் உட்கார்ந்தேன். ஒரு பொருள் கண்ணுக்குத் தெரிய வேண்டுமென்றால், அதன்மேல் விழுகிற வெளிச்சத்தில் கொஞ்சமாவது திரும்பி நம் கண்ணுக்கு வரவேண்டும். அல்லது அந்தப் பொருள் வெளிச்சத்தை மறிக்கவேண்டும். காற்று என்பது மிகச் சின்னத் துகள்கள். துகளுக்கும் துகளுக்கும் நடுவில் ஏகப்பட்ட காலி இடம். நாம் பார்க்கிற வெளிச்சத்தை அந்தத் துகள்கள் விழுங்குவதும் இல்லை, சொல்லும்படியாகத் திருப்பி அனுப்புவதும் இல்லை. நேராகப் போக விட்டுவிடுகின்றன. அதனால் காற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சுவர் தெரிகிறது, காற்று தெரிவதில்லை.

"பின்ன குமிழி தெரியுதே?"

"தண்ணியில இருந்து காத்துக்குள்ள போகும்போது வெளிச்சம் வளையும். அந்த ஓரம்தான்ப்பா உங்களுக்குத் தெரியுது. குமிழிக்கு உள்ள இருக்க காத்து இப்பவும் தெரியல."

"அதுக்கு ஒரு நிறமும் கிடையாதா?"

"கொஞ்சம் உண்டு. வித்துராவுல நின்னா பொன்முடி மலை நீலமா தெரியும்லா? மலை பச்சைதான். நடுவுல கிடக்க காத்து, வெளிச்சத்துல உள்ள நீலத்தை இத்துணூண்டு சிதற விடுது. மைல் கணக்கா காத்து சேர்ந்தாத்தான் அது கண்ணுல படும். இந்த ரூமுல இருக்க காத்துக்கெல்லாம் தெரியாது."

"அப்ப நிறம் உண்டு. ஒளிச்சு வச்சிருக்கு." அப்பா எழுந்து உட்கார்ந்தார். சந்தேகம் வந்தால் அவர் முகத்தில் ரத்தம் ஓடும்.

நான் விடவில்லை. வெளிச்சத்தில் பல ஜாதி உண்டு, நம் கண்ணுக்கு எட்டுவது அதில் ஒரு சின்னப் பங்குதான் என்றேன். எட்டாத வெளிச்சங்களில் சிலவற்றைக் காற்று மறித்து விழுங்கிவிடும். அந்த வெளிச்சத்தில் பார்க்கிற கண் இருந்தால் காற்று இருட்டுச் சுவர்போல நிற்கும். ஆனால் காற்றும் தண்ணீரும் எந்த வெளிச்சத்தைத் தடுக்காமல் விடுகின்றனவோ, அதைப் பார்க்கும்படியாகத்தான் உயிர்களுக்குக் கண் உண்டாகி வந்திருக்கிறது. காற்று தெரிய ஆரம்பித்தால் வேறு எதுவும் தெரியாது, எந்நேரமும் மூடுபனிக்குள் நடக்கிற கதைதான்.

அப்பா குமிழிகளை இன்னொரு முறை பார்த்தார். பிறகு மெதுவாகத் தலையை ஆட்டினார்.

"அப்ப கண்ணு காத்தோட ஒத்துப்போச்சு. அது விட்டதைத்தான் இது பாக்கும். கடைக்காரன் கூட்டிட்டு வந்த சாட்சி மாதிரி. இந்தக் கேஸ் நிக்காது மக்ளே."

எனக்குச் சிரிப்பு வந்தது, எரிச்சலும் வந்தது. பாடம் எடுக்கப் போய் அவருடைய சந்தேகத்துக்கு ஆதாரம் சேர்த்துக் கொடுத்திருந்தேன்.

"பின்ன எப்படித்தான் பிடிக்கது?"

"அது என்ன செய்யுதுன்னு பாத்துத்தான்" என்று சொல்லிவிட்டு சாயா போட எழுந்து போனேன்.

ஊதுபத்தி வாசனை வர ஆரம்பித்தது அதற்கப்புறம்தான். ஆனால் நான் இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. அம்மா குளியலறையில் சோப்பு டப்பாவுக்குப் பின்னால் சாம்பலைக் கண்டாள். இன்னொரு நாள் ஜன்னல் விளிம்பில் கருகிய ஈர்க்குத் துண்டு. புது சிலிண்டர் வருகிற நாள்களில் மட்டுமே வாசனை வருகிறது என்பதைக் கண்டுபிடித்தவளும் அம்மாதான்.

"அவன்தான் பிள்ளே. அந்த வித்துராக்காரன். நெத்தியில சந்தனம் பாத்தியா? எங்கயோ கோயில்ல நேர்ச்சை போட்டு, பத்தி கொண்டுவந்து கொடுத்திருக்கான். உங்க அப்பாவுக்கு சாவு பயம் வந்துட்டு."

"சந்தனம் அவரு எல்லா நாளும் வச்சிருக்காரும்மா."

"எல்லா நாளும் வச்சிருக்கான், அதத்தான் சொல்லுதேன்."

என் சந்தேகம் வேறு. அப்பா மறுபடி சிகரெட்டைத் தொட்டுவிட்டார், வாசனையை மறைக்கத்தான் பத்தி என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அது அம்மாவின் பயத்தைவிடப் பெரிய பயம். ஆக்சிஜன் இருக்கிற வீட்டில் தீ என்றால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அவர் தூங்கும்போது சட்டையை முகர்ந்து பார்த்தேன். குப்பைக் கூடையைக் கிளறினேன். மெத்தைக்கு அடியில் கைவிட்டேன். சிகரெட் துண்டு ஒன்றும் சிக்கவில்லை, அதனால் சந்தேகம் கூடியதே தவிர குறையவில்லை. பெற்ற அப்பாவின் சட்டைப்பையைத் துழாவுகிறோமே என்று வெட்கமாக இருந்தது. ஆனாலும் துழாவினேன்.

அம்மா வீட்டில் ஜெபக்கூட்டம் ஏற்பாடு செய்தாள். சபையிலிருந்து வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி நின்று அப்பாவின் விசுவாசத்துக்காக ஜெபித்தார்கள். விஷயம் என்னவென்று அம்மா அவர்களிடம் உடைத்துச் சொல்லவில்லை, ஆனால் ஜெபம் போன போக்கைப் பார்த்தால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அப்பா குழாயோடு கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் எல்லோரையும்விடச் சத்தமாகச் சொன்னார். வாழ்க்கையில் அவர் அப்படிச் சத்தமாக ஆமென் சொல்லி நான் கேட்டதில்லை. மனுஷன் என்னமோ மறைக்கிறார் என்பது அப்போது எனக்கு உறுதியானது.

அடுத்த சிலிண்டர் வருகிற அன்று யாரிடமும் சொல்லாமல் அரைநாள் லீவு போட்டேன். அம்மா மாதர் ஐக்கியக் கூட்டத்துக்குப் போகிற நாள். நான் வந்து சேர்ந்தபோது வித்துராக்காரர் போய்விட்டிருந்தார். புது சிலிண்டர் மூலையில் நின்றது, வால்வு அடைத்திருந்தது, கட்டிலில் ஆள் இல்லை. குளியலறைக் கதவுக்குப் பின்னால் இருமல். கதவைத் தள்ளினேன்.

அப்பா பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. மடியில் ஒரு எவர்சில்வர் டம்ளர், மேலே சாஸரால் மூடியிருந்தது. கையில் புகைகிற ஊதுபத்தி. சிகரெட் இல்லை, சாமி படம் இல்லை.

"கதவைச் சாத்து மக்ளே, காத்து அடிக்குது" என்றார், நான் வருவேன் என்று தெரிந்தவர்போல.

சாஸரைக் கொஞ்சம் விலக்கிப் பத்தியின் கனலை டம்ளருக்குள் இறக்கினார். செத்துக்கிடந்த சிவப்பு சட்டென்று வெள்ளையாகி, குப்பென்று சுடர்விட்டு எரிந்தது. அந்த வெளிச்சத்தில் அப்பாவின் முகமும் பளிச்சென்றது. பத்தியைத் தண்ணீர் வாளியில் முக்கி அணைத்தார்.

"ஆக்சிஜன்தான். இந்த சிலிண்டர் பாஸ்."

டம்ளரில் குழாயை வைத்து நிரப்பி, மூடி, வால்வை அடைத்து, தீயைச் சிலிண்டரிடம் கொண்டுபோகாமல் டம்ளரைத் தீயிடம் கொண்டுவந்திருக்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்த சோதனையாம். வித்துராக்காரர் பத்தி பாக்கெட் வாங்கிக் கொடுத்ததோடு சரி, எதற்கென்று அவருக்கே தெரியாது. புது சிலிண்டர் வந்தால் சோதனை முடிகிறவரை அப்பா குழாயை மாட்டமாட்டார். அம்மா வெளியே போகக் காத்திருந்து, மூச்சு முட்டிக்கொண்டே சுவரைப் பிடித்து நடந்துபோய் இதைச் செய்திருக்கிறார்.

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. வீடே எரிந்து போயிருக்கும், செத்துப் போயிருப்பீங்க என்றெல்லாம் சொன்னேன். கடைசியில் அழுதுவிட்டேன். அப்பா டம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

"நீதானே சொன்ன, என்ன செய்யுதுன்னு பாக்கச் சொல்லி?"

அன்றைக்கு ஓர் ஒப்பந்தம் போட்டோம். இனிமேல் சோதனையை நான் செய்வேன், பின்பக்கம் துணி துவைக்கிற கல்லில், அவர் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். பதிலுக்கு அவர் குழாயைக் கழற்றக்கூடாது. அம்மாவிடமும் சொன்னோம். அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "உள்ளதா? வேற ஒண்ணும் இல்லியே?" என்று என்னிடம் தனியாக ஒரு முறை கேட்டாள். பத்தி பாக்கெட் வீட்டுக்குள் இருக்கக்கூடாது, வெளியே விறகுப்புரையில் இருக்கட்டும் என்றாள்.

அதன்பிறகு அப்பா குழாயைக் கழற்றவில்லை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் நான் லீவோ பர்மிஷனோ கேட்டு வருவேன், கல்லின்மேல் பத்தி சுடர்விடும், ஜன்னலுக்குள் அப்பா தலையை ஆட்டிவிட்டுக் குழாயை எடுத்துக்கொள்வார். எல்லாமே பாஸ்தான். இதெல்லாம் வீண் கூத்து என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்திருந்தது.

மழை விடாமல் பெய்த ஒரு ஜூலை நாள். ரோடெல்லாம் தண்ணீர், சிலிண்டர் வர ரொம்பத் தாமதம். பழையது காலையிலேயே தீர்ந்துவிட்டது. வித்துராக்காரர் நனைந்துகொண்டு வந்து இறக்கினார். அம்மா நேராக மாட்டச் சொன்னாள். அப்பா பேச முடியாமல் கையை மட்டும் ஆட்டினார், சோதிக்காமல் வேண்டாம் என்று. டம்ளரை நிரப்பி மூடி, குடையைப் பிடித்துக்கொண்டு நான் பின்பக்கம் ஓடினேன். கனலை டம்ளருக்குள் இறக்கினேன். சிவப்பு அப்படியே இருந்தது. பத்தி ஈரமோ என்று வேறொன்று கொளுத்தினேன், உள்ளே போய் டம்ளரை மறுபடி நிரப்பிக்கொண்டு வந்தேன். அதே மங்கல் சிவப்பு, அதே புகை. திரும்பிப் பார்த்தால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்பா நிற்கிறார், முகம் முழுக்க சந்தோஷம்.

"கிடைச்சுட்டான்" என்றார்.

சாவியால் சிலிண்டரின் கறுப்புப் பெயிண்டைச் சுரண்டச் சொன்னார். அடியில் சாம்பல் நிறம்; ஆக்சிஜனுக்குக் கறுப்பு, வெறும் காற்றுக்குச் சாம்பல் என்பது சட்டம். ஏதோ பட்டறைக்கு வெறும் காற்று நிரப்பிக் கொடுக்கிற சிலிண்டர், பெயிண்ட் மாறி எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. வித்துராக்காரருக்கு வாய் குழறியது. "சாரே, ஞான் எடுக்குந்நதே உள்ளு, நிறைக்குந்நது ஞானல்லா." எடுத்து வருவதுதான் அவர் வேலை, நிரப்புவது அவர் இல்லை என்று அப்பாவுக்கும் தெரியும். ஆனாலும் சிலிண்டரைத் திருப்பிக் கொண்டுபோக விடவில்லை. அது தொண்டிப் பொருள், கேஸுக்குச் சாட்சி, அறையில் வைத்துப் பூட்டு, சாவியை என்னிடம் கொடு என்று மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார். நகமெல்லாம் நீலமாகியிருந்தது. நான் பூட்டினேன். வேறு வழியில்லை, பூட்டாமல் அவர் நகரமாட்டார்.

வித்துராக்காரரின் ஆட்டோவிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். அப்பாவை நடுவில் உட்காரவைத்து அம்மாவும் நானும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். தண்ணீர் ஆட்டோவுக்குள் அடித்தது. முன்னால் அவர் ஹார்னிலிருந்து கையை எடுக்கவேயில்லை. கரமனைப் பாலத்தில் அப்பாவின் தலை என் தோளில் விழுந்தது. அப்போது அம்மா என் காதுக்குப் பக்கத்தில் கேட்டாள்.

"அந்தப் பத்தி பாக்கெட்டை எடுத்தியா பிள்ளே?"

எடுக்கவில்லை. அது துவைக்கிற கல்லின்மேல் மழையில் நனைந்துகொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் சிலிண்டர் கண்ணிலேயே படவில்லை. சுவரிலிருந்து ஒரு குழாய் வந்தது, அவ்வளவுதான். நர்ஸ் மாஸ்க்கை அப்பாவின் முகத்துக்குக் கொண்டுபோனாள். மயக்கத்தில் இருக்கிறார் என்று நினைத்தேன், ஆனால் அவர் கை உயர்ந்து அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டது. நர்ஸ் இழுத்தாள், விடவில்லை. "அப்பச்சா, விடு, ஸமயமில்லா" என்று அவள் கெஞ்சினாள். அப்பாவின் கண் என்னைத் தேடியது.

"பாத்தியா?"

சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

"பாத்தாச்சுப்பா. நல்லா பிடிச்சு எரிஞ்சுது."

அவர் என்னைப் பார்த்தார். நனைந்த என் சுடிதாரைப் பார்த்தார், ஒன்றுமில்லாத என் இரண்டு கைகளைப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். சின்ன வயதில் பள்ளிக்கூட லீவு நாள்களில் அவரோடு கடைத்தெருவுக்குப் போயிருக்கிறேன். பொய்க் கல்லை உள்ளங்கையில் வாங்கியதுமே அவருக்குத் தெரிந்துவிடும், கடைக்காரன் முகத்தை இப்படித்தான் பார்ப்பார். அப்படிப் பார்த்தபிறகு ஒருத்தனையும் அவர் சும்மா விட்டதில்லை.

நர்ஸின் கையை விட்டார். மாஸ்க்குக்குள் மூச்சை நன்றாக உள்ளே இழுத்தார்.